யாரும் நீக்காத டிக்‌ஷனரி ஏன் சுருங்குகிறது? வீக் ரெஃபரன்ஸும் கார்பேஜ் கலெக்டரும்

கேள்வி சுருக்கமாக இது. பைத்தானில் ஓடும் ஒரு சர்வர், உயிரோடு இருக்கும் செஷன்களை ஒரு சாதாரண டிக்‌ஷனரியில் வைத்திருக்கிறது. கீ, செஷன் ஐடி. வேல்யூ, அந்தச் செஷனுக்கான வீக் ரெஃபரன்ஸ், அதாவது ஆப்ஜெக்ட்டைச் சுட்டும், ஆனால் உயிரோடு பிடித்துவைக்காத ரெஃபரன்ஸ். செஷன் செத்ததும் வீக் ரெஃபரன்ஸோடு கொடுத்த கால்பேக் (அப்போது பைத்தானே அழைக்கும் ஃபங்ஷன்) அந்த என்ட்ரியை அழித்துவிடும். 30 விநாடிக்கு ஒருமுறை ஒரு லூப் எல்லாச் செஷனுக்கும் பிங் அனுப்புகிறது. வாரத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் அந்த லூப் “டிக்‌ஷனரி சேஞ்ச்டு சைஸ் டியூரிங் இட்டரேஷன்” என்ற ரன்டைம் எரருடன் விழுகிறது. ஒரே த்ரெட்தான். லூப்புக்குள் எதையும் சேர்க்கவும் இல்லை, நீக்கவும் இல்லை. டெவலப்பர் மெஷினில் ஒருமுறைகூட வந்ததில்லை.

முதலில் ஒரு விஷயத்தை ஒதுக்கிவிடுங்கள். அந்த லூப்புக்குள் அவெய்ட் (நடுவில் நின்று மற்ற வேலைகளுக்கு வழிவிடும் கட்டளை) இருக்கிறதா? இருந்தால் ஒரே த்ரெட் என்ற வாதம் செல்லாது. அவெய்ட் செய்யும் நேரத்தில் வேறொரு கோரூட்டீன் (அதே த்ரெட்டில் மாறிமாறி ஓடும் வேலை) புதுச் செஷனைப் பதிவு செய்திருக்கலாம். அதற்கும் இதே எரர்தான் வரும். அப்படியானால் லூப்புக்கு முன்னால் ஒரு லிஸ்ட் நகல் எடுத்தால் போதும், கீழே உள்ளதைப் படிக்கவே வேண்டாம். அவெய்ட் இல்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

லூப்புக்குள் நீங்கள் எதையும் நீக்கவில்லை என்பது சரி. ஆனால் லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் கால்பேக் நீக்குகிறது. அதை அழைப்பது நீங்கள் எழுதிய எந்த வரியும் அல்ல. பைத்தான் எந்த இடத்தில் ஒரு ஆப்ஜெக்ட்டைக் கொல்கிறதோ அந்த இடத்திலேயே, அப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷனுக்கு மேலே ஏறி உட்கார்ந்து, கால்பேக் ஓடும். சோர்ஸ் கோடில் “டெல்” (நீக்கும் கட்டளை) எங்கே இருக்கிறது என்று தேடினால் கால்பேக்குக்குள் ஒரே ஒரு வரிதான் கிடைக்கும். அது எப்போது ஓடும் என்பதை அந்த வரி சொல்லாது.

சிபைத்தானில் (வழக்கமாக எல்லோரும் நிறுவும் பைத்தான்) ஒரு ஆப்ஜெக்ட் சாவதற்கு இரண்டு வழி. அதைப் பிடித்திருக்கும் ரெஃபரன்ஸ்களின் எண்ணிக்கை பூஜ்யமானால் அந்தக் கணமே சாகும். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் சைக்கிள் என்றால் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வராது. இப்படி யாருக்கும் எட்டாமல் கிடப்பவற்றைத் தேடி அழிக்கும் கார்பேஜ் கலெக்டர் (இனி ஜிசி) வந்துதான் கொல்ல வேண்டும். செஷன் தன் கனெக்‌ஷனை ஒரு ஆட்ரிப்யூட்டில் வைத்திருக்கிறது, கனெக்‌ஷன் தன் செஷனை வைத்திருக்கிறது என்றால் அது சைக்கிள். பெரும்பாலும் எல்லா நெட்வொர்க் கோடிலும் இது இருக்கும்.

ஜிசி எப்போது வரும்? ஜிசி ஆப்ஜெக்ட்டுகளை வயதுவாரியாக மூன்று ஜெனரேஷனாகப் பிரிக்கிறது: புதியவை 0, பழையவை 2. பைத்தான் 3.12 வரை நெடுங்காலமாக இருந்த கணக்கு 700, 10, 10. கன்டெய்னர் ஆப்ஜெக்ட்டுகள் (லிஸ்ட்போல மற்றவற்றைப் பிடிக்கக்கூடியவை) உருவானதற்கும் அழிந்ததற்கும் உள்ள வித்தியாசம் 700-ஐத் தாண்டினால் ஜெனரேஷன் 0 பெருக்கப்படும் (கணக்குப் பெருக்கல் அல்ல, வீடு பெருக்குவதுபோல குப்பையை அகற்றுவது). அதில் தப்பியவை அடுத்த ஜெனரேஷனுக்குப் போகும். கீழுள்ள ஜெனரேஷனைப் பத்துமுறைக்கு மேல் பெருக்கினால் மேலுள்ளதன் முறை வரும். ஜெனரேஷன் 2-க்கு மட்டும் கூடுதலாக ஒரு தடை உண்டு: கடைசி முழுப் பெருக்கலுக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்து காத்திருக்கும் ஆப்ஜெக்ட்டுகள், அப்போது தப்பிய மொத்தத்தில் 25 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் முழுப் பெருக்கல் நடக்காது. பிந்தைய வெர்ஷன்களில் எண்களும் முறையும் மாறியிருக்கலாம். உங்கள் வெர்ஷனில் ஜிசி மாட்யூலின் கெட்_த்ரெஷோல்ட்-ஐ அழைத்துப் பாருங்கள்.

“வாரத்தில் இரண்டு மூன்று முறை” என்பதற்கு விளக்கம் அந்த 25 சதவீதத்தில் இருக்கிறது. ஒரு செஷன் சில நிமிடங்களாவது வாழும். அதற்குள் அது ஜெனரேஷன் 2-க்குப் போயிருக்கும். ப்ரொடக்‌ஷனில் லட்சக்கணக்கில் ஆப்ஜெக்ட்டுகள் உட்கார்ந்திருக்கும், ஆகவே முழுப் பெருக்கல் அபூர்வம். அந்த அபூர்வமான பெருக்கல், 30 விநாடிக்கு ஒருமுறை சில மில்லிசெகண்ட் மட்டும் ஓடும் உங்கள் லூப்புக்குள் சரியாக விழ வேண்டும். டெவலப்பர் மெஷினில் ஹீப் (ஆப்ஜெக்ட்டுகள் வாழும் மெமரி) சிறியது, செஷன்கள் மூன்றோ நான்கோ, அவையும் உடனுக்குடன் சாகின்றன. அங்கே வராததில் ஆச்சரியம் இல்லை.

சைக்கிளே இல்லாமலும் இது நடக்கும். அதைப் பலர் கவனிப்பதில்லை. லூப்பில் வீக் ரெஃபரன்ஸை அழைத்து செஷனை ஒரு வேரியபிளில் வாங்குகிறீர்கள். அந்தச் சுற்றில் பிங் தோற்கிறது. தோற்றதும் கனெக்‌ஷன் மேனேஜர் அந்தச் செஷனைக் கைவிடுகிறது. இப்போது அதைப் பிடித்திருப்பது உங்கள் லூப் வேரியபிள் மட்டும். அடுத்த சுற்றில் அதே வேரியபிளில் அடுத்த செஷனை வைக்கிறீர்கள், பழையது அந்தக் கணமே சாகிறது, கால்பேக் ஓடுகிறது, டிக்‌ஷனரி சுருங்குகிறது. அதற்கு அடுத்த சுற்றுக்குப் போகும்போது எரர். ஜிசிக்கு இதில் பங்கே இல்லை. “ஜிசியை நிறுத்திவிட்டேன், அப்படியும் வருகிறது” என்பவர்களுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

ட்ரேஸ்பேக் (எரர் எழுந்த வரியைக் காட்டும் பட்டியல்) ஏன் உதவாது என்பதும் இதிலிருந்தே புரியும். டிக்‌ஷனரியின் இட்டரேட்டர், தொடங்கும்போது குறித்துக்கொண்ட அளவை ஒவ்வொரு அடியிலும் ஒப்பிடுகிறது. எரர் எழுவது அடுத்த அடியில், ஃபார் வரியில். குற்றம் நடந்தது அதற்கு முன்பு, வேறு வரியில்.

எரர் வருவது நல்ல சகுனம் என்றுகூடச் சொல்வேன். அளவை மட்டும்தான் அது முக்கியமாகப் பார்க்கிறது. ஒன்று போய் ஒன்று வந்து அளவு அப்படியே இருந்தால் பல சமயம் சத்தமே வராது; சில கீ விடுபடும். இதே பதிவேட்டை டிக்‌ஷனரிக்குப் பதில் லிஸ்ட்டாக வைத்திருந்தால் இன்னும் மோசம். லிஸ்ட் அளவைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் மூன்றாவது உறுப்பில் நிற்கும்போது கால்பேக் அந்த உறுப்பையோ அதற்கு முந்தைய ஒன்றையோ எடுத்தால், பின்னால் உள்ளவை ஒரு படி முன்னால் நகரும், நான்காவதாக இருந்தது பார்க்கப்படாமலே போகும். ஒரு அப்சர்வருக்கு (மாற்றச் செய்தி பெறப் பதிந்திருக்கும் ஆப்ஜெக்ட்) மட்டும் எப்போதாவது செய்தி போகவில்லை என்ற புகார்களில் இதைச் சந்தேகியுங்கள்.

சந்தேகத்தை உறுதிசெய்ய, காத்திருக்காமல் நீங்களே வரவழையுங்கள். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். முதலில் ஜிசி.டிசேபிள் அழையுங்கள், இல்லையென்றால் அது தன் இஷ்டத்துக்கு ஓடி முடிவைக் குழப்பும். ஏ, பி, சி என்று மூன்று செஷன் உருவாக்குங்கள். பி-யின் ஒரு ஆட்ரிப்யூட்டில் பி-யையே வையுங்கள்; அதுதான் சைக்கிள். மூன்றையும் பதிவேட்டில் போட்டு, பி என்ற பெயரை மட்டும் டெல் செய்யுங்கள். டிக்‌ஷனரியின் அளவு இன்னும் 3 என்றே காட்டும். இப்போது லூப்பை ஓட்டி, உள்ளே முதல் வரியாக ஜிசி.கலெக்ட் அழையுங்கள். இரண்டாவது அடியில் அதே எரர், ஒவ்வொரு முறையும், தவறாமல் வரும். அந்த சைக்கிள் வரியை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்: டெல் செய்த இடத்திலேயே பி செத்து, அளவு 2 ஆகி, லூப் அமைதியாக முடியும். மூன்றையும் ஒரு ஃபார் லூப்பில் உருவாக்காதீர்கள். கடைசியாக உருவானதை லூப் வேரியபிள் பிடித்துக்கொண்டே இருக்கும், அது சாகாது, நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

அதே ஜிசி.கலெக்ட் வரியை உண்மையான பிங் லூப்புக்குள், சோதனை சர்வரான ஸ்டேஜிங்கில் போட்டுப் பாருங்கள். செட்_த்ரெஷோல்ட்-ஐ 1, 1, 1 என்று குறைத்து ஓட்டுவதும் வழக்கம்தான். ஆனால் மேலே சொன்ன 25 சதவீதத் தடை அப்போதும் நிற்கும், வயதான ஆப்ஜெக்ட்டுகள் தப்பிவிடும். நேரடியாக கலெக்ட் அழைப்பதற்கு அந்தத் தடை இல்லை.

ப்ரொடக்‌ஷனில் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமானால் கால்பேக்குக்குள்ளேயே ஸ்டாக்கை (எந்த ஃபங்ஷனுக்குள் எது ஓடுகிறது என்ற வரிசை) பதிவு செய்யுங்கள். ட்ரேஸ்பேக் மாட்யூலின் ப்ரின்ட்_ஸ்டாக் போதும். கால்பேக் எந்த ஃபங்ஷனை இடைமறித்து ஓடுகிறதோ அது அச்சாகும் ஸ்டாக்கில் கால்பேக்குக்கு நேர் மேலே தெரியும். கடைசியில் “நீக்கு”, அதற்கு மேலே “பிங்_செய்தி_உருவாக்கு”, அதற்கும் மேலே “எல்லோருக்கும்_பிங்” என்று வந்தால் வழக்கு முடிந்தது. நீக்கு-வை பிங்_செய்தி_உருவாக்கு எங்கும் அழைக்கவில்லை என்பதே சாட்சி. கூடவே த்ரெட்டின் ஐடியையும் எழுதுங்கள். ஜிசி எந்த த்ரெட்டில் தொடங்குகிறதோ கால்பேக்கும் அந்த த்ரெட்டிலேயே ஓடும். அது டிக்‌ஷனரியை உருவாக்கிய த்ரெட்டாக இருக்க வேண்டியதில்லை. 3.3 முதல் ஜிசி.கால்பேக்ஸ் என்ற லிஸ்ட்டும் உண்டு. அதில் ஒரு ஃபங்ஷனைச் சேர்த்தால் ஒவ்வொரு பெருக்கலின் தொடக்கத்திலும் முடிவிலும் ஜெனரேஷன் எண்ணோடு அழைக்கப்படும். நேரத்தைக் குறித்து, எரர் வந்த நேரத்தோடு ஒப்பிடலாம்.

ஒரு எச்சரிக்கை: பார்க்கப் போனால் மறையும் பிழை இது. டீபக்கர், இன்டராக்டிவ் ஷெல்லில் கடைசி விடையை வைத்திருக்கும் அடிக்கோடு, சேமித்து வைத்த ட்ரேஸ்பேக், ஆர்க்யுமென்ட்டுகளைத் தாங்கி நிற்கும் லாக் ரெக்கார்டு (நிகழ்வுப் பதிவு), எல்லாமே வலுவான ரெஃபரன்ஸ்கள். அவை பிடித்திருக்கும்வரை செஷன் சாகாது. “ப்ரேக்பாயின்ட் வைத்தால் வருவதே இல்லை” என்றால் ப்ரேக்பாயின்ட்டை எடுங்கள். லாகில் ஆப்ஜெக்ட்டை அனுப்பாமல் ஐடியை மட்டும் அனுப்புங்கள்.

சரிசெய்வதற்கு வருவோம். பலரும் முதலில் செய்வது டிக்‌ஷனரியின் ஐட்டம்ஸை லிஸ்ட்டாக மாற்றிவிட்டு லூப் ஓட்டுவது. 3.12-க்கு முந்தைய வெர்ஷனில் இதுவே முழுப் பாதுகாப்பு இல்லை. அங்கே ஜிசி, புதுக் கன்டெய்னர் ஆப்ஜெக்ட் உருவாகும் எந்த இடத்திலும் ஓடலாம். ஐட்டம்ஸை லிஸ்ட்டாக்கும்போது ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ட்யூப்பிள் உருவாகிறது, ட்யூப்பிளும் கன்டெய்னர்தான். ஆகவே நகல் எடுக்கும் அந்த ஒற்றை வரியிலேயே இதே எரர் வரக்கூடும், பார்ப்பவருக்குப் பைத்தான்மீதே சந்தேகம் வரும். வேல்யூக்களை மட்டும் லிஸ்ட்டாக்கினால் உறுப்புக்கு ஒரு ட்யூப்பிள் உருவாகாது, அந்த ஓட்டை இல்லை. 3.12 முதல் ஜிசி, பைட்கோடு கட்டளைகளுக்கு இடையிலுள்ள சோதனைப் புள்ளிகளில்தான் ஓடுகிறது. அதனால் லிஸ்ட்டாக்கும் வேலையின் நடுவே சாதாரணமாகப் புகாது.

கால்பேக்கை லாக்கால் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) காப்பாற்றலாம் என்று நினைப்பது அடுத்த குழி. லூப் லாக்கைப் பிடித்திருக்கிறது, நடுவில் ஜிசி, அதே த்ரெட்டில் கால்பேக், அது அதே லாக்கைக் கேட்கிறது: டெட்லாக். தன்னைத்தானே காத்திருக்கும் த்ரெட். உடனே ஆர்லாக்குக்கு மாறுவார்கள். ஆர்லாக் அதே த்ரெட்டை உள்ளே விடும், ஆகவே கால்பேக் நடு லூப்பில் டிக்‌ஷனரியை மாற்றும், பழைய எரர் திரும்பி வரும். லாக் வேறு த்ரெட்டுகளிடமிருந்துதான் காக்கும். இங்கே எதிரி அதே த்ரெட்.

நம்பி வேலை செய்யும் வழி இது: கால்பேக்குக்குள் பதிவேட்டைத் தொடாதீர்கள், “இது செத்துவிட்டது” என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதுங்கள். குறிப்பு எழுத க்யூ மாட்யூலின் சிம்பிள்க்யூ பொருத்தம். 3.7-இல் வந்தது. அதன் புட், நடுவில் இடைமறிக்கப்பட்டு மறுபடி அழைக்கப்பட்டாலும் பிரச்சினை இல்லாதபடி எழுதப்பட்டது. வீக் ரெஃபரன்ஸ் கால்பேக்கிலும் டெல் மெத்தடிலும் (ஆப்ஜெக்ட் சாகும்போது ஓடும் மெத்தட்) பயன்படுத்தலாம் என்று பைத்தானின் ஆவணமே சொல்கிறது. சாதாரண க்யூ வேண்டாம், அதற்குள் லாக் இருக்கிறது. பிறகு புதுச் செஷனைச் சேர்க்கும் முன்பும், லூப் தொடங்கும் முன்பும், அந்தக் குறிப்புகளை எடுத்து இறந்தவற்றை நீக்குங்கள். நீக்கும் இடமும் நேரமும் இப்போது உங்கள் கையில். பதிவேட்டைப் பல த்ரெட் தொட்டால் இந்தப் பெருக்கும் வேலைக்கு லாக் போடலாம். கால்பேக் அந்த லாக்கைக் கேட்காது என்பதால் டெட்லாக் இல்லை.

குறிப்பில் என்ன எழுதுவது என்பதில்தான் அடுத்த பிழை ஒளிந்திருக்கிறது. ஐடியை மட்டும் எழுதினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செஷன் 42 சாகிறது, குறிப்பில் 42. பெருக்கும் முன்பே பயனர் மறுபடி இணைகிறார், அதே 42-க்குப் புதுச் செஷன் பதிவாகிறது. இப்போது பெருக்கினால் உயிருள்ள புதுச் செஷன் பதிவேட்டிலிருந்து போய்விடும். எந்த எரரும் இல்லை. பிங் போகாமல் அந்த இணைப்பு சற்று நேரத்தில் அறுபடும். ஆகவே ஐடியோடு இறந்த வீக் ரெஃபரன்ஸையும் வையுங்கள். நீக்கும்போது “பதிவேட்டில் 42-இல் இப்போது இருப்பது இதே வீக் ரெஃபரன்ஸ்தானா” என்று ஈஸ் (இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்ற சோதனை) கொண்டு பார்த்து, ஆம் என்றால் மட்டும் நீக்குங்கள். கால்பேக்குக்கு வீக் ரெஃபரன்ஸ் தானாகவே ஆர்க்யுமென்ட்டாக வருகிறது. அதில் ஐடியை ஒட்ட வேண்டுமானால் ரெஃப் கிளாஸிலிருந்து ஒரு சப்கிளாஸ் எழுதுங்கள். வெறும் ரெஃப்பில் ஆட்ரிப்யூட் சேர்க்க முடியாது. பைத்தானின் சொந்த வீக்வேல்யூ டிக்‌ஷனரியும் இந்தத் தவற்றில் மாட்டி, “செத்திருந்தால் மட்டும் நீக்கு” என்பதை ஒரே மூச்சில் செய்யும் சி ஃபங்ஷனை உள்ளே சேர்த்துத்தான் மீண்டது.

ஐடிக்குப் பதில் பைத்தானின் ஐடி ஃபங்ஷன் தரும் எண்ணைக் கீயாக வைத்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். சிபைத்தானில் அது மெமரி முகவரி. ஒன்று செத்த இடத்திலேயே அடுத்தது பிறப்பது அன்றாட நிகழ்ச்சி.

இவ்வளவும் எழுதாமல் வீக்வேல்யூ டிக்‌ஷனரியையே பயன்படுத்தலாமே என்றால், உங்கள் தேவைக்குப் பெரும்பாலும் அதுவே போதும். வேல்யூக்களை முதலில் லிஸ்ட்டாக்கி, அதன்மேல் லூப் ஓட்டுங்கள். அந்த லிஸ்ட் எல்லாச் செஷனையும் வலுவாகப் பிடித்திருக்கும், லூப் முடியும்வரை யாரும் சாக மாட்டார்கள். ஆனால் “இருக்கிறதா” என்று கேட்டுவிட்டு அடுத்த வரியில் சதுர அடைப்பால் எடுக்காதீர்கள். இரண்டு வரிக்கும் நடுவே செத்தால் கீஎரர். கெட் மூலம் ஒரே தடவை எடுத்து நன் (None, “எதுவும் இல்லை” என்ற வேல்யூ) உடன் ஒப்பிடுங்கள். வெறும் வீக் ரெஃபரன்ஸிலும் அப்படியே: இரண்டு முறை அழைக்காமல் ஒருமுறை அழைத்து வேரியபிளில் வையுங்கள். சோதிக்கும்போது “ஈஸ் நன்” என்றே எழுதுங்கள். செஷன் கிளாஸில் லென் மெத்தட் இருந்து அது 0 தந்தால், “இஃப் செஷன்” என்ற சோதனை உயிருள்ளதைச் செத்தது என்று சொல்லிவிடும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த சில அறிகுறிகள், வேகமாக. கால்பேக் ஓடவே இல்லை என்றால் வீக் ரெஃபரன்ஸ் ஆப்ஜெக்ட்டே முதலில் செத்திருக்கும். அதை யாராவது பிடித்திருந்தால்தான் கால்பேக் உண்டு. கால்பேக்குக்குள் எழும் எரர் மேலே போகாது, “எக்செப்ஷன் இக்னோர்ட்” என்று ஸ்டாண்டர்ட் எரரில் மட்டும் விழும், 3.8 முதல் சிஸ் மாட்யூலின் அன்ரெய்ஸபிள்ஹுக் வழியாக அதை உங்கள் லாகுக்குத் திருப்பலாம், திருப்புங்கள். ஆப்ஜெக்ட்டின் மெத்தடுக்கு வீக் ரெஃபரன்ஸ் எடுத்தால் எடுத்த கணமே செத்துப்போகும், ஏனென்றால் பவுண்ட் மெத்தட் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பது, 3.4-இல் வந்த வீக்மெத்தட் அதற்குத்தான். ஸ்லாட்ஸ் போட்ட கிளாஸில் வீக்ரெஃப் ஸ்லாட்டைச் சேர்க்காவிட்டால் வீக் ரெஃபரன்ஸே எடுக்க முடியாது.

இனி சைக்கிள். அதை உடைப்பதே பல இடங்களில் நல்ல மருந்து. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஜிசி.செட்_டீபக்-இல் டீபக்_சேவ்ஆல் கொடுத்து கலெக்ட் அழையுங்கள். பெருக்கியதெல்லாம் அழியாமல் ஜிசி.கார்பேஜ் லிஸ்ட்டில் நிற்கும், செஷனோடு கூட யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். பார்த்து முடித்ததும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மெமரி ஏறிக்கொண்டே போகும். அடிக்கடி சிக்குபவை மூன்று: பெற்றோர்-பிள்ளை இணைப்பு, செல்ஃப்-ஐப் பிடித்த லாம்டாவை செல்ஃப்-லேயே வைப்பது, பிடித்த எக்செப்ஷனைச் செல்ஃப்-இல் சேமிப்பது. கடைசியானதைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. எக்செப்ஷன் ட்ரேஸ்பேக்கைப் பிடிக்கிறது, ட்ரேஸ்பேக் ஃப்ரேமை, ஃப்ரேம் அதன் லோக்கல் வேரியபிள்களை, அதில் ஒன்று செல்ஃப்.

செஷனுக்குத் தெளிவான முடிவு உண்டு: லாகவுட் அல்லது சாக்கெட் மூடுதல். அந்த இடத்தில் ஒரு க்ளோஸ் மெத்தட் பதிவேட்டிலிருந்து நேரடியாக எடுத்துவிட்டு, கனெக்‌ஷன் ஆட்ரிப்யூட்டை நன் ஆக்கட்டும். வீக் ரெஃபரன்ஸை, யாரோ க்ளோஸ் அழைக்க மறந்தால் பிடிக்கும் வலையாக மட்டும் வையுங்கள். பிங் லூப்பும் இறந்ததை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஜிசி வரும்வரை ஒரு சைக்கிள் செஷன் உயிருள்ளது போலவே தெரியும். வீக் ரெஃபரன்ஸ் ஆப்ஜெக்ட்டைத் தரும், சாக்கெட் மட்டும் மூடியிருக்கும். “மூடியாயிற்றா” என்ற கொடியைச் செஷனிலேயே பாருங்கள்.

ஜாவாவிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. வீக்ஹாஷ்மேப்பில் ஜிசியால் என்ட்ரி போனால் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்செப்ஷன் எழாது. அளவு மட்டும் தானாகக் குறையும். வேல்யூ தன் கீயை வலுவாகப் பிடித்திருந்தால் அந்த என்ட்ரி ஒருபோதும் போகாது. ஜாவாஸ்கிரிப்ட்டின் வீக்மேப்பில் லூப் ஓட்டவே வழியில்லை, ஜிசி எப்போது ஓடியது என்பது கோடுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே. பைபையில் (பைத்தானின் இன்னொரு வடிவம்) ரெஃபரன்ஸ் எண்ணிக்கை கிடையாது. சிபைத்தானில் டெல் செய்ததும் செத்தது அங்கே வெகுநேரம் கழித்துத்தான் சாகும். இரண்டிலும் ஓட வேண்டிய டெஸ்ட்டில் டெல்லுக்குப் பிறகு ஜிசி.கலெக்ட் போடாமல் எதையும் அசெர்ட் செய்யாதீர்கள்.

திருத்திய பிறகு, முதலில் எழுதிய அந்த ஏ, பி, சி ஸ்கிரிப்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஜிசி.கலெக்ட் லூப்புக்குள் இருக்கும்படியே அதை டெஸ்ட்டாகச் சேருங்கள். இரண்டாவது டெஸ்ட் ஒன்று: 42-ஐக் கொன்று, பெருக்கும் முன் அதே ஐடியில் புதியதைப் பதிந்து, பெருக்கிய பின்னும் புதியது இருக்கிறதா என்று பாருங்கள். முதல் டெஸ்ட் மட்டும் தேறி இரண்டாவது விழுந்தால், வாரத்துக்கு மூன்று எரரை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் செஷன்களைத் தொலைக்கும் சோர்ஸ் கோடை ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பப் போகிறீர்கள்.